ஜல்லி லாரிக்குப் பின்னால் போகிற காருக்கு ரேடியேட்டர் வலை

செங்கோட்டையிலிருந்து புளியரை, கோட்டைவாசல், ஆரியங்காவு வழியாகப் புனலூர் போகிற சாலையில் காரின் முகத்தில் வந்து மோதும் சாமான் கொஞ்சநஞ்சமில்லை. ஜல்லியும் எம் சாண்டும் ஏற்றிக்கொண்டு மலையேறும் டாரஸ் லாரிகள் சிந்துவது ஒரு பக்கம். கேரளத்து மாட்டுத் தொழுவங்களுக்குப் போகும் வைக்கோல் லாரிகள் உதிர்ப்பது இன்னொரு பக்கம். மழை விட்டதும் தாரிலிருந்து பெயர்ந்து கிடக்கும் சிப்ஸ் (பொடி ஜல்லி) வேறு. களியக்காவிளை, குமுளி, வாளையார் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கும் இது பழகிய சங்கதிதான்.

கல் ஓட்டை போடும், வைக்கோல் மூச்சை அடைக்கும். கல்லுக்குப் பயந்து நெருக்கமான வலை போட்டால் அதே வலையில் வைக்கோல் படிந்து இன்ஜின் கொதிக்கும். ஆகவே கடைக்குப் போகுமுன் எந்தக் கல்லைத் தடுப்பது, எதை உள்ளே விடுவது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும்.

அடி வாங்குவது யார்?

பானெட்டைத் திறந்து, மேலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கிரில்லுக்குப் பின்னால் முதலில் நிற்பது ஏசி கண்டென்சர், ஏசி கேஸின் சூட்டை வெளியே தள்ளும் பாகம். அதற்குப் பின்னால்தான் ரேடியேட்டர், அதற்கும் பின்னால் ஃபேன். சில டர்போ வண்டிகளில் இன்ஜினுக்குப் போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் இந்த வரிசையில் வந்து நிற்கும். "ரேடியேட்டரில் கல் பட்டுவிட்டது" என்று வருகிற வண்டிகளில் பெரும்பாலும் ஓட்டையாகியிருப்பது கண்டென்சர்தான்.

கண்டென்சரின் குறுக்கே ஓடும் தட்டையான அலுமினியக் குழாயின் சுவர் ஒரு மில்லிமீட்டரில் பாதிகூடக் கிடையாது. குழாய்களுக்கு நடுவே மடித்து மடித்து வைத்திருக்கும் தகடு அதைவிடவும் மெல்லியது, விரல் நகம் பட்டாலே சாயும். தகடு சாய்ந்தால் காற்றுதான் கொஞ்சம் குறையும். குழாயின் மூக்கில் கல் பட்டால் நிலைமை வேறு. வெயிலில் ஏசி ஓடும்போது கண்டென்சருக்குள் 200 முதல் 250 பிஎஸ்ஐ வரை அழுத்தம் இருக்கும். குண்டூசி முனையளவு துளை விழுந்தாலும் கேஸ் முழுவதும் போய்விடும். ரேடியேட்டருக்குள் இருப்பது 13 முதல் 16 பிஎஸ்ஐதான். அங்கே சின்ன ஓட்டை என்றால் கூலன்ட் மெதுவாகக் கசியும், நாம் கவனிக்க நேரம் கொடுக்கும்.

எலக்ட்ரிக் கார்தானே, நமக்கென்ன என்று இருக்கவும் முடியாது. பல எலக்ட்ரிக் கார்களில் பேட்டரியைக் குளிர்விப்பதும் அதே ஏசி கேஸ்தான். கண்டென்சர் போனால் ஃபாஸ்ட் சார்ஜிங்கின் வேகமும் சேர்ந்து போகும்.

கல் எங்கே நுழைகிறது என்பதையும் பாருங்கள். இன்றைய கார்களில் மேல் கிரில் பெரும்பாலும் அலங்காரம், பாதிக்கு மேல் அடைத்தே இருக்கும். பம்பரின் கீழ்ப்பாதியில் இருக்கும் அகன்ற வாய்தான் நிஜமான காற்று வழி. முன்னால் போகும் வண்டியின் டயர் கிளப்பும் கல் அந்த உயரத்தில்தான் வரும். கையில் காசு குறைவென்றால் கீழ்வாய்க்கு மட்டும் வலை போட்டால் போதும், முக்கால்வாசி வேலை முடிந்தது.

எந்த வலை

ஆக்சஸரீஸ் கடைகளில் விற்கும் கறுப்பு பிளாஸ்டிக் தேன்கூட்டு வலை பார்க்க நன்றாக இருக்கும். ஒரு கோடை தாண்டியதும் வெயிலில் மொறமொறத்து, கல் பட்டால் துண்டாகி அந்தத் துண்டே உள்ளே போய்விடும். அதைவிட ஹார்டுவேர் கடைக்குப் போய் எஸ்.எஸ். 304 வெல்டு மெஷ் (துருப்பிடிக்காத ஸ்டீல் கம்பியைப் பற்றவைத்த வலை) கேளுங்கள். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) வலை மலிவுதான், ஆனால் சாரல் பருவத்தில் நனைந்து நனைந்து வெட்டிய முனைகளிலிருந்து துருப் பிடிக்கும்.

அளவுக் கணக்கு இது. கால் இஞ்ச் வலையில் கம்பிக்குக் கம்பி 6.35 மி.மீ. கம்பி 22 கேஜ் (0.71 மி.மீ.) என்றால் திறந்திருக்கும் பரப்பு 79 சதவீதம். அரை இஞ்ச் வலையில் கம்பி 19 கேஜ் (சுமார் 1 மி.மீ.) என்றால் 85 சதவீதம். ஜன்னலுக்கு அடிக்கும் எஸ்.எஸ். கொசுவலையில் இஞ்சுக்கு 14 கண் இருந்தால் திறப்பு 70 சதவீதத்தை ஒட்டி வரும். 79க்கும் 70க்கும் பெரிய வித்தியாசமில்லையே என்று தோன்றும். காகிதத்தில் சரிதான். கொசுவலையின் ஒவ்வொரு கண்ணும் ஒன்றரை மில்லிமீட்டர்தான், அந்தச் சின்ன ஓட்டைகளில் புகுந்து வரக் காற்றுக்குத் திணறும். ஈசல் பறக்கும் ஒரு மழை மாலையில் நாற்பது கிலோமீட்டர் ஓட்டினால் கொசுவலை கம்பளி போல ஆகிவிடும். அதைப் போட்டுக்கொண்டு புளியரை மலைப்பாதையின் எஸ் வளைவு ஏறாதீர்கள்.

கல் பக்கம் வருவோம். முக்கால் ஜல்லி 20 மி.மீ., அரை ஜல்லி 12 மி.மீ., கால் இஞ்ச் சிப்ஸ் 6 மி.மீ. கால் இஞ்ச் வலை முதல் இரண்டையும் முழுதாகத் தடுக்கும், சிப்ஸில் பெரும்பகுதியைத் தடுக்கும். எம் சாண்ட் 4.75 மி.மீ.க்குக் கீழே, அது தாராளமாக உள்ளே போகும். போகட்டும். மணல் வருடக்கணக்கில் தகட்டின் பெயின்டைத் தேய்க்குமே ஒழிய, குழாயைத் துளைக்க அதற்குக் கனம் போதாது. ஒன்றரை இஞ்ச் ஜல்லி நேராக வந்து அடித்தால் எந்த வலையும் முழுதாகத் தாங்காது, வேகத்தை வாங்கிக்கொண்டு வளையும். வளைய இடம் வேண்டும் என்பதால்தான் வலைக்கும் கண்டென்சருக்கும் நடுவே 25 மி.மீ.யாவது விடச் சொல்வது.

குவாரி, கிரஷர் பக்கம் தினமும் போகிறவர்களுக்குக் கால் இஞ்ச் சரி. மலைப்பாதையில் பாரத்தோடு, ஏசி போட்டு ஓட்டும் டாக்சிக்கு அரை இஞ்ச்தான் எங்கள் சிபாரிசு. சிப்ஸ் ஒன்றிரண்டு உள்ளே போனாலும் இன்ஜின் கொதிக்காமல் ஏறுவது முக்கியம்.

வாங்க வேண்டியவை

ஒரு ஹேட்ச்பேக்கின் கீழ்வாய்க்கு இரண்டடிக்கு நாலடி வலைத் துண்டு ஒன்று தாராளம், மீதி மேல் கிரில்லுக்கும் ஆகும். கூடவே 4.8 மி.மீ. அகலக் கறுப்பு கேபிள் டை இருபது (வெள்ளை நிறம் வெயிலில் சீக்கிரம் உடையும்), வலை விளிம்புக்குச் செருகும் ரப்பர் பீடிங் மூன்று மீட்டர், மேட் பிளாக் ஸ்ப்ரே ஒரு டப்பா, தகரம் வெட்டும் கத்தரி, தடித்த கையுறை. பழைய டிவி அட்டைப்பெட்டி ஒன்றும் வேண்டும்.

மாட்டும் விதம்

1. வண்டி முழுதாக ஆறியிருக்க வேண்டும், சாவி வெளியே இருக்க வேண்டும். பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். சாவி போடாவிட்டாலும் சூட்டில் சட்டென்று சுற்ற ஆரம்பிக்கும் ஃபேன்கள் உண்டு. விரல் போனால் வராது.

2. பம்பரைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். மேலே நான்கைந்து கிளிப், இரண்டு சக்கர வளைவுகளிலும் ஸ்க்ரூ, அடியில் சில போல்ட். ஃபாக் லாம்ப் ஒயரைப் பிடுங்காமல் சாக்கெட்டில் அழுத்திக் கழற்றுங்கள். பம்பரைக் கழற்றாமலும் சில வண்டிகளில் முன்னாலிருந்தே மாட்டலாம், ஆனால் வலை வெளியே தெரியும், திருடுகிறவனுக்கும் தெரியும்.

3. அட்டையை வாயின் உட்புறம் வைத்து ஓரத்தை வரைந்து வெட்டுங்கள். அட்டை சரியாக உட்கார்ந்த பிறகு அதை வலைமேல் வைத்து, சுற்றிலும் 20 மி.மீ. கூடுதலாக விட்டு வலையை வெட்டுங்கள். நேரே வலையை வெட்டி அளவு பார்க்கப்போனால் இரண்டாவது துண்டு வாங்க மறுபடியும் கடைக்குப் போக நேரும்.

4. கூடுதல் ஓரத்தைப் பின்பக்கமாக மடித்து, பீடிங் செருகுங்கள். இதைச் சோம்பேறித்தனத்தில் விட்டுவிடுகிறார்கள். வெட்டிய கம்பி முனை அதிர்ந்து அதிர்ந்து பக்கத்தில் போகும் ஒயரையோ ஹோஸையோ அறுத்துவிடும்.

5. பெயின்ட் அடிப்பதானால் மெல்லிய இரண்டு கோட், நடுவே காயவிட்டு. ஒரே கோட்டில் கனமாக அடித்தால் மூலைகளில் பெயின்ட் வழிந்து கண் அடைபடும்.

6. கிரில்லின் பிளாஸ்டிக் குறுக்குச் சட்டங்களோடு ஒரு சாணுக்கு ஒன்றாகக் கேபிள் டை போட்டுக் கட்டுங்கள். வலையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், தடதடவென்றால் நடுவில் இன்னும் இரண்டு. டையின் வாலை ஒட்ட நறுக்கிவிடுங்கள்.

7. பம்பரை மாட்டுமுன், வலை எங்கும் கண்டென்சரைத் தொடவில்லை என்று பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். எஸ்.எஸ்.ஸும் அலுமினியமும் ஒட்டிக்கொண்டு நனைந்தால் அரிக்கப்படுவது அலுமினியம்தான். கொல்லம், திருவனந்தபுரம் கடலோரம் வரை போய்வரும் வண்டிகளில் உப்புக் காற்றில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

கடைகளில் சிலர் கண்டென்சரின் தகடுகளுக்கு நடுவே டையைக் குத்தி வெளியே எடுத்து வலையைக் கட்டிவிடுவார்கள். ஐந்து நிமிட வேலை, பார்க்கவும் இறுக்கமாகத்தான் இருக்கும். வண்டி அதிரும்போது அந்த டை குழாயின் ஓரத்தை உரசிக்கொண்டே இருக்கும். கல் செய்ய வேண்டியதை நாமே காசு கொடுத்துச் செய்துகொண்ட மாதிரி. "கண்டென்சரைத் தொடாமல் கிரில்லில் கட்டுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி உள்ள கார்களில் முன்பக்க ராடார் பம்பரின் கீழ்வாயிலோ கிரில் நடுவிலோ இருக்கும். அதற்கு முன்னால் உலோக வலை வரவே கூடாது. அந்த இடத்தை நன்றாக விட்டு வெட்டுங்கள். முன் கேமரா, பார்க்கிங் சென்சாரையும் அப்படியே. நம்பர் பிளேட்டை வலை மறைக்கக் கூடாது என்று சொல்லவே தேவையில்லை. எல்லை தாண்டினால் கேரள மோட்டார் வாகனத் துறை இந்த மாதிரி மாற்றங்களில் கறார்.

புல் பார் (பம்பருக்கு முன்னால் மாட்டும் இரும்புக் குழாய்ச் சட்டம்) போட்டால் ரேடியேட்டருக்குப் பாதுகாப்பு என்று இன்னும் சிலர் நினைக்கிறார்கள். 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அதைத் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. தடையை விடுங்கள், இரண்டு குழாய்க்கு நடுவே ஒரு அடி இடைவெளி இருக்கும் சாமான் அரை ஜல்லியை எப்படித் தடுக்கும்?

போட்ட பிறகு சோதனை

வலை போடுமுன் ஒரு முறை, போட்ட பின் ஒரு முறை, அதே ஏற்றம், அதே மத்தியான நேரம், ஏசி அதே எண்ணில். ஓபிடி சாக்கெட்டில் (வண்டியின் கம்ப்யூட்டர் தகவலைப் படிக்கும் சாக்கெட்) செருகும் புளூடூத் கருவி இருந்தால் கூலன்ட் சூட்டைப் போனிலேயே பார்க்கலாம். புளியரையிலிருந்து கோட்டைவாசல் வரை ஏறினால் போதும். பெரும்பாலான கார்களில் 85க்கும் 100 டிகிரிக்கும் நடுவில் ஓடும். வலை போட்ட பின் ஐந்து டிகிரிக்கு மேல் கூடினாலோ ஃபேன் நிற்காமல் ஓடினாலோ பெரிய கண் வலைக்கு மாறுங்கள். கருவி இல்லையென்றால் டேஷ்போர்டு முள்ளை நம்பிச் சும்மா இருக்காதீர்கள். பல வண்டிகளில் முள் கணிசமான சூடு ஏறும்வரை நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருப்பார்கள். ஏற்றத்தில் ஏசி காற்று வெதுவெதுப்பாகிறதா என்று பாருங்கள், முள்ளுக்கு முன்னால் அது சொல்லிவிடும்.

சூடு கூடினால் உடனே வலைமேல் பழி போடவும் வேண்டாம். ரேடியேட்டரின் இரண்டு பக்கமும் காற்றை உள்ளே திருப்பிவிடும் பிளாஸ்டிக் தகடும் ஸ்பாஞ்சும் இருக்க வேண்டும். முன்னால் இடித்து டிங்கரிங் பார்த்த வண்டிகளில் இது பெரும்பாலும் திரும்ப மாட்டப்பட்டிருக்காது. காற்று நோகாமல் பக்கவாட்டில் போய்விடும், ரேடியேட்டர் வழியாகப் போகாது.

அடிப்பக்கம்

இன்ஜினுக்கு அடியில் மாட்டியிருக்கும் அண்டர் கவர் தொங்குகிறதா, பாதி உடைந்திருக்கிறதா என்று பார்ப்பது முன்பக்க வலையளவுக்கு முக்கியம். கீழிருந்து தெறிக்கும் கல் அந்த வழியாகத்தான் ரேடியேட்டரின் அடித் தொட்டியில் படும். தொட்டி பிளாஸ்டிக், பழசானால் கீறல் விடும். கிளிப் நாலு போனதற்காகக் கவரையே கழற்றி வீட்டில் வைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கிளிப் ஸ்பேர் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

வைக்கோல் சிக்கினால்

வைக்கோல் வலையில் நின்றால் கையால் எடுத்துவிடலாம். தொல்லை, உள்ளே போய்விட்ட துண்டுகள்தான். கண்டென்சரின் மேல்விளிம்பைத் தாண்டி நழுவி, கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள விரல்கடை இடைவெளியில் விழும். முன்னாலும் பின்னாலும் பார்த்தால் இரண்டும் சுத்தமாகத் தெரியும், நடுவில் மெத்தை மாதிரி ஒரு படலம் உட்கார்ந்திருக்கும். மண்ணும் பூச்சியும் சேர்ந்து அது களிமண்ணாக இறுகும். காரணமே தெரியாமல் ஏற்றத்தில் கொதிக்கும் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். மேலிருந்து டார்ச்சை இடைவெளிக்குள் விட்டால் தெரிந்துவிடும்.

கழுவுவது ஆறிய வண்டியில், தோட்டத்துக் குழாய் வேகத்தில், முடிந்தவரை இன்ஜின் பக்கத்திலிருந்து முன்னோக்கி. வந்த வழியே வெளியே தள்ள வேண்டும், முன்னாலிருந்து அடித்தால் இன்னும் உள்ளே அமுங்கும். வாட்டர் சர்வீஸ்காரர் பிரஷர் கன்னைக் கிட்டத்தில் பிடித்துவிட்டால் தகடுகள் வயலில் காற்றடித்த நெல் மாதிரி ஒரே பக்கம் சாய்ந்துவிடும். அவர் கையில் கன் இருக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். காய்ந்த பூச்சிக்கு ஷாம்பு தண்ணீர் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிடலாம். அலாய் வீல் துடைக்கும் ஆசிட் கலவை வேண்டவே வேண்டாம். சாய்ந்த தகடுகளை மரத்தாலான பல்குத்தும் குச்சியால் ஒவ்வொன்றாக நிமிர்த்தலாம். ஸ்க்ரூ டிரைவர் முனை குழாயில் பட்டால் முடிந்தது கதை.

மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை, அறுவடைக்குப் பின் வைக்கோல் லாரி ஓடும் நாட்களில் வாரம் ஒரு முறை வலையைப் பார்த்தால் போதும்.

ஓட்டும்போது

டிப்பரின் பின்னால் இரட்டை டயர்களுக்கு நடுவே முஷ்டியளவு கல் சிக்கிக்கொண்டு சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அது எப்போது கழன்று பறக்கும் என்று லாரிக்காரருக்கே தெரியாது. தார்ப்பாய் போட்ட லாரியாக இருந்தாலும் மூன்று நொடி இடைவெளி விடுங்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் அது சுமார் 42 மீட்டர். கல் அடிக்கும் வலு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், 40இல் வாங்குவதைவிட 80இல் நான்கு மடங்கு. புதிதாகச் சிப்ஸ் தூவிய சாலையில் எதிரே லாரி வந்தால் இரண்டு வேகமும் கூடிக்கொள்ளும் என்பதால் நீங்கள் 30க்கு இறங்குவதில் அவமானம் ஒன்றுமில்லை.

வழியில் ஓட்டை விழுந்தால்

ஏசி மட்டும் குளிராமல் போய், கண்டென்சரில் எண்ணெய்ப் பசையும் அதில் ஒட்டிய தூசியுமாக ஒரு வட்டம் தெரிந்தால் கேஸ் போய்விட்டது. இன்ஜின் சூடு சரியாக இருந்தால் ஏசியை அணைத்துவிட்டு வீடு வரை ஓட்டலாம். கண்டென்சர் குழாயை வெல்டு வைத்துத் தருகிறேன் என்பவரிடம் காசைக் கொடுக்காதீர்கள், அந்த மெல்லிய சுவரில் வெல்டு நிலைப்பது அபூர்வம். மாற்றும்போது கேஸிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் டிரையரும் புதிதா, கம்ப்ரஸர் ஆயில் எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு ஊற்றினார்களா, உள்ளிருக்கும் காற்றை இழுத்தெடுக்க வேக்குவம் அரை மணி நேரம் பிடித்தார்களா என்று மூன்றையும் கேளுங்கள். பழைய டிரையருக்குள் ஈரம் ஏறியிருக்கும்.

இனித்த வாசனை வந்து, பச்சையோ ரோஸோ சொட்டினால் அது கூலன்ட். ஏசியை அணையுங்கள். சூடு ஏறினால் ஹீட்டரை முழுதாகத் திறந்து, ஓரம் கட்ட இடம் கிடைக்கும்வரை மட்டும் ஓட்டி நிறுத்துங்கள். முக்கால் மணி நேரமாவது மூடியில் கை வைக்காதீர்கள், அழுத்தத்தில் 110 டிகிரி தண்ணீர் முகத்தில் அடிக்கும். ஆறிய பின் குடிதண்ணீர் ஊற்றி, பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு ஒரு முறை நிறுத்திப் பார்த்துப் பட்டறை வரை போகலாம். புளியரை ஏற்றத்தில் நின்றவர் செங்கோட்டை பக்கம் திரும்பினால் இறக்கம், இன்ஜினுக்கு வேலை குறைவு. பாதி வழியில் நிற்கிறவர் எந்தப் பக்கம் இறக்கம் என்று பார்த்து முடிவெடுக்கலாம். பட்டறையில் பழுது முடிந்ததும் அந்தத் தண்ணீரை முழுதாக வெளியேற்றிக் கூலன்டும் காய்ச்சி வடித்த நீரும் பாதிக்குப் பாதி நிரப்பச் சொல்லுங்கள்.

ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போட்டால் ஓட்டை அடையும் என்பது பழைய அம்பாசடர் காலத்து வித்தை. பித்தளை ரேடியேட்டரின் அகலமான குழாய்க்கு அது ஒத்துவந்தது. இன்றைய அலுமினியக் குழாயின் உள்வழி ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். மஞ்சள் ஓட்டையை அடைக்கிறதோ இல்லையோ, ஹீட்டர் கோரை (காருக்குள் சூடான காற்று தரும் குட்டி ரேடியேட்டர்) அடைத்துவிடும். கடையில் டப்பாவில் வரும் லீக் அடைப்பானும் அதே ஜாதி.

முழு இன்சூரன்ஸ் இருந்தால் கல் அடி சொந்த சேதக் கணக்கில் வரும். வண்டியை நகர்த்துமுன் கிரில், ஓட்டை, சிந்திய கூலன்ட் மூன்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கல் உள்ளேயே கிடந்தால் அதோடு சேர்த்து. 1500 சிசி வரை கட்டாயக் கழிவு 1000 ரூபாய், அதற்கு மேல் 2000. தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் பாலிசி இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலைதான் தருவார்கள். கிளெய்ம் எடுத்தால் இதுவரை சேர்ந்த நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) போய்விடும். போனஸ் 50 சதவீதத்தில் நிற்கிறவர்கள் கண்டென்சர் விலையைக் கேட்டு, அடுத்த வருடப் பிரீமியத்தில் கூடப்போகும் தொகையோடு ஒப்பிட்டுவிட்டு படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள்.